யாரிடமிருந்து காப்பாற்றினார்?

மயூர் விஹார் முதல் கட்டத்தையும் திரிலோக்புரியையும் பிரிப்பது ஒரு சாலைதான். இந்தப் பக்கம் உத்தர குருவாயூரப்பன் கோயில், வாசலில் காவலாளி நிற்கும் சொசைட்டிகள், தில்லியிலேயே வேரூன்றிவிட்ட தமிழ், மலையாளக் குடும்பங்கள். அந்தப் பக்கம் இருப்பது மறுகுடியமர்வுக் காலனி. நெருக்கடி நிலைக் காலத்தில் நகருக்குள் இருந்த குடிசைகளை இடித்து, அங்கிருந்தவர்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம். குடும்பத்துக்கு 25 சதுர கஜம் என்று அளந்து கொடுத்த மனைகள், அவற்றின்மேல் சுவரோடு சுவர் ஒட்டி எழுந்த வீடுகள். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்டதைத் தொடர்ந்து தில்லியில் சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டபோது, மிகக் கொடிய கொலைகள் நடந்த இடங்களில் ஒன்று இந்தக் காலனியின் 32-ஆம் பிளாக். அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கயிற்றுக் கட்டில் பின்னிப் பிழைத்த லபானா சீக்கியர்கள். நவம்பர் 1, 2 ஆகிய இரண்டு நாள்களுக்குள் அந்தச் சந்துகளில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். தில்லி முழுவதிலும் இறந்தவர்கள் 2,733 பேர் என்பது அரசே பின்னர் ஏற்றுக்கொண்ட கணக்கு.

அதே சந்துகளில் சிலர் பிழைத்தும் இருக்கிறார்கள். இந்துக்களும் முஸ்லிம்களுமான அக்கம்பக்கத்தார் ஒளித்து வைத்ததால் பிழைத்தவர்கள் அவர்களில் உண்டு. 25 கஜ வீட்டில் ஒரு மனிதனை ஒளித்து வைப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரே அறை. கட்டிலுக்கு அடியிலோ பெட்டிக்குப் பின்னாலோதான் இடம். அவர் இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். தெருக்குழாயில் வழக்கத்தைவிட ஒரு குடம் தண்ணீர் கூடுதலாகப் பிடித்தால் கண்ணில் படும். வீட்டுக் குழந்தை வெளியே போய் ஏதாவது சொல்லிவிடக் கூடாது. உயிர் தப்புவதற்காகச் சீக்கிய ஆண்கள் தலைமுடியையும் தாடியையும் வெட்டிக்கொண்ட நாள்கள் அவை. வெட்டிய முடியைக்கூடக் கண்மறைவாக அப்புறப்படுத்தியாக வேண்டும். ஆக, காப்பாற்றியது ஒரு கணத்து வீரம் மட்டும் அல்ல. மணிக்கணக்கில், சில வீடுகளில் நாள்கணக்கில், குடும்பம் முழுவதும் சேர்ந்து எடுத்துக்கொண்டே இருந்த முடிவு அது. கதவைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், தங்கள் ஆபத்து நீங்கியிருக்கும். அவர்கள் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவர்களை ஊர் போற்ற வேண்டுமா என்றால், வேண்டும் என்றுதான் எவரும் சொல்வார்கள். யார் போற்றுவது, எதற்குப் பிறகு போற்றுவது, போற்றும்போது எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பவைதான் கடினமான கேள்விகள்.

மனிதனாகப் பிறந்தவன் செய்ய வேண்டியதைச் செய்தான், இதற்கு விருது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இந்த ஆட்சேபத்தில் அதிகம் தங்க வேண்டியதில்லை. கடமைதான் என்றாலும், ஆயிரம் பேர் செய்யாத கடமையை ஒருவர் செய்திருக்கிறார். அதைச் சொல்லாமல் விட்டால், அன்று எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார்கள், வேறு வழியே இருக்கவில்லை என்ற பொய் நிலைத்துவிடும். வேறு வழி இருந்தது என்பதற்கு ஒளித்து வைத்த அந்த வீடுகளே ஆதாரம்.

இன்னோர் ஆட்சேபம் கனமானது. கொன்றவர்களைத் தண்டிக்காத அரசு, காத்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தலாமா? 1990-இல் மத்திய அரசு கபீர் புரஸ்கார் என்ற விருதை ஏற்படுத்தியது. வேறு சாதி, மதம், இனத்தைச் சேர்ந்தவர்களின் உயிரையும் உடைமையையும் துணிந்து காத்தவர்களுக்கு உரியது அது. தமிழக அரசு ஒவ்வொரு குடியரசு நாளிலும் கோட்டை அமீர் மத நல்லிணக்கப் பதக்கம் வழங்குகிறது. கோவையில் மத நல்லிணக்கத்துக்காகப் பாடுபட்டு உயிரையும் கொடுத்தவரின் பெயரில் அமைந்த பதக்கம். இரண்டும் இருக்க வேண்டியவை, பெற்றவர்கள் தகுதியுள்ளவர்கள். ஆனால் பாராட்டு விழாக்களில் படிக்கப்படும் வாசகங்களைக் கவனித்தால் ஒரு பழக்கம் தெரியும். கலவரம் ‘மூண்டது’, தீ ‘பரவியது’, உயிர்களுக்கு ‘ஆபத்து நேர்ந்தது’, அப்போது இவர் காப்பாற்றினார். மழை வெள்ளத்தில் மீட்டவரைப் பற்றிப் பேசுவதுபோலவே இருக்கிறது. யாரிடமிருந்து காப்பாற்றினார் என்று மட்டும் அந்த வாசகம் கேட்பதில்லை.

திரிலோக்புரியில் ஒளித்து வைத்தவருக்கு அது தெரியும். கதவைத் தட்டியவர்களை அவர் பார்த்திருக்கிறார், சிலரைப் பெயர் சொல்லி அறிவார். போலீஸ் எந்நேரம் வந்தது, எந்நேரம் வராமல் இருந்தது என்பதும் அவருக்குத் தெரியும். அவர் செய்த நன்மையை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் கண்ட குற்றத்தை அவரிடமே விட்டுவிட்டு வருகிற மரியாதை முழு மரியாதை ஆகாது. அந்த மனிதர் முக்கியமானவர் என்றால் அவர் சொல்லும் முழுப் பேச்சும் முக்கியம்.

நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காத்த பிற இனத்தாரைப் போற்றுவதற்காக ஜெருசலேமின் யாத் வஷேம் நினைவகம் 1963-இல் தொடங்கிய நடைமுறையில் ஒரு நேர்மை இருக்கிறது. அங்கே முக்கிய ஆதாரம் பிழைத்தவர்களின் சாட்சியம். காத்தவர் தம் உயிரையோ சுதந்திரத்தையோ பணயம் வைத்தாரா, கைம்மாறு எதிர்பார்க்காமல் செய்தாரா என்று விசாரித்த பிறகே பெயர் சேர்க்கப்படுகிறது. 28,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு கோப்பு, அந்தக் கோப்பில் யாரிடமிருந்து என்ற கேள்விக்கும் விடை. ஆனாலும் அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கொன்ற ஆட்சி வீழ்ந்த பிறகு, பெரும்பாலும் வேறொரு நாட்டில் உட்கார்ந்து எழுதப்பட்ட பட்டியல் அது. திரிலோக்புரியில் தாக்கியவரும் காத்தவரும் அடுத்தடுத்த சந்துகளில் வாழ்ந்து, அதே கடையில் பால் வாங்கியவர்கள். பெயரை அறிவித்து மேடையேற்றினால், அடுத்த முறை யார் வீட்டை முதலில் தட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுத்ததாகக்கூட ஆகலாம். காத்தவர்கள் பலர் பெயர் வெளியே வராமல் இருந்ததற்கு அடக்கம் மட்டும் காரணமாக இருந்திருக்காது, அச்சமும் காரணமாக இருந்திருக்கும். அந்த அச்சத்துக்கு நியாயம் உண்டு.

தமிழர்களுக்கு இது புரியாத சங்கதி அல்ல. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலோடு கும்பல் வீடு வீடாக வந்தபோது, சிங்கள, முஸ்லிம் அயலவர் வீடுகளில் மறைந்திருந்து தப்பிய தமிழர்கள் பலர். அடுத்த ஆண்டு தில்லிக் கும்பல்களின் கையிலும் அதே வகைப் பட்டியல்கள் இருந்தன என்பது பதிவாகியிருக்கிறது. டொரண்டோவிலும் லண்டனிலும் குடியேறிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு, தங்களை மறைத்து வைத்த அந்த அக்காவின் பெயர், அந்த ஐயாவின் பெயர் தெரியும். ஊரறிய அதைச் சொன்னவர்கள் குறைவு. சொன்னால் தமக்கு நேர்ந்த கொடுமை சிறிதாகிவிடுமோ என்ற தயக்கமும் அதில் இருக்கிறது. நல்ல சிங்களவர் ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பார்த்தீர்களா, எல்லாரும் கெட்டவர்கள் இல்லையே என்று எதிர்த்தரப்பு அதையே கேடயமாகப் பிடித்துக்கொள்ளும். இந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. தீர்ப்பு வராத இடத்தில் பாதிக்கப்பட்டவர் நன்றி சொல்வதுகூடக் குற்றவாளிக்குச் சாதகமாகிவிடுகிறது. நீதியை மறுப்பவர்கள் அவரிடமிருந்து பறிப்பவற்றுள் மனம்விட்டு நன்றி சொல்லும் உரிமையும் ஒன்று.

அப்படியானால் நீதி கிடைக்கும்வரை பாராட்டை நிறுத்தி வைக்கலாமா? கூடாது. 1984-இல் நாற்பது வயதில் கதவைச் சாத்திக் காத்தவருக்கு இன்று எண்பதுக்கு மேல். திரிலோக்புரி வழக்கு ஒன்றில் 1996-இல் தண்டிக்கப்பட்டவர்களின் மேல்முறையீட்டில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2018 நவம்பரில். 95 பேர் இறந்ததாகப் பதிவான அந்த வழக்கில் எவர்மீதும் கொலைக் குற்றம் சுமத்தப்படவில்லை. கலவரம், தீவைப்பு, ஊரடங்கை மீறியது ஆகியவற்றுக்குத்தான் தண்டனை. அவர்களிலும் சிலரை உச்ச நீதிமன்றம் பிறகு விடுவித்தது. இந்த வேகத்துக்காகக் காத்திருந்தால் பாராட்ட ஆள் இருக்க மாட்டார்கள்.

இதற்கிடையே அதிகம் பேசப்படாத இன்னொரு கூட்டம் உண்டு. அன்று காத்தவர்களைவிட இவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது என்றே தோன்றுகிறது. கொலைகள் ஓய்ந்த பிறகு வந்தவர்கள் இவர்கள். நாகரிக் ஏக்தா மஞ்ச் என்ற பெயரில் அந்த நவம்பரில் கூடிய ஆசிரியர்கள், மாணவர்கள், இல்லத்தரசிகள், பத்திரிகையாளர்கள் நிவாரண முகாம்களில் வேலை செய்தார்கள். யமுனைக்குக் கிழக்கே ஃபர்ஷ் பஜாரிலும் ஷ்யாம்லால் கல்லூரியிலும் முகாம்கள் இருந்தன. கம்பளி கொடுப்பதும் பால்பொடி கொடுப்பதும் எளிய பகுதி. கடினமான பகுதி காகிதம். எரிந்துபோன கணவருக்கு இறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும், உடல் இல்லை. ரேஷன் அட்டை வீட்டோடு எரிந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணின் வாய்மொழியைப் பிரமாணப் பத்திரமாக எழுத வேண்டும். பெயர், நேரம், இடம் ஒன்றுகூடத் தவறக் கூடாது, பத்தாண்டுக்குப் பிறகு குறுக்கு விசாரணையில் அந்தத் தவற்றைப் பிடித்துத்தான் வழக்கை உடைப்பார்கள். உயிரிழப்புக்கு முதலில் அறிவிக்கப்பட்ட நிவாரணம் 10,000 ரூபாய். ஒரு விதவை தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் அதை 3.5 லட்சமாக உயர்த்தியது 1996-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பெண்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இந்த வழக்குகளைப் பல பத்தாண்டுகள் சுமந்த வழக்கறிஞர் எச்.எஸ். பூல்காவுக்கு 2019-இல் பத்மஸ்ரீ கிடைத்தது, பொருத்தம்தான். அவருக்குக் கோப்பு எடுத்துக் கொடுத்தவர்கள், சாட்சிக்குத் துணையாக வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள், தாங்களே விதவைகளாக இருந்துகொண்டு இன்னொரு விதவையின் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்கள், இவர்களையும் சேர்த்துத்தான் அந்த வேலை நடந்தது.

சாட்சி சொன்னவர்களையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் என்று மட்டுமே அவர்களைப் பார்க்கிறோம். பணமும் மிரட்டலும் வந்ததாகத் திரிலோக்புரிப் பெண் ஒருவரே சொல்லியிருக்கிறார், ஆனாலும் வாக்குமூலத்தை மாற்றவில்லை. மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. பிறழ்சாட்சி என்று அவர்களை ஏசுவதற்கு முன், அன்று அவர்களோடு நீதிமன்றத்துக்கு யார் போனார்கள் என்று கேட்க வேண்டும். தில்லியின் மறுகோடியில், பாலம் ராஜ்நகர்ப் படுகொலையில் முன்னாள் காங்கிரஸ் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு 2018 டிசம்பர் 17 அன்று ஆயுள் தண்டனை விதித்தது தில்லி உயர் நீதிமன்ற நீதிபதிகள் எஸ். முரளிதர், வினோத் கோயல் அமர்வு. குற்றவாளிகள் நீதியின் முன் நிறுத்தப்பட்டதற்குச் சாட்சிகள் மூவரின் துணிவும் விடாமுயற்சியுமே முதன்மையான காரணம் என்று அந்தத் தீர்ப்பு பதிவு செய்கிறது. குற்றத்துக்குப் பிறகு 34 ஆண்டுகள். எந்தப் பதக்கத்தையும்விட அந்தப் பதிவு மேலானது. அவர்கள் சொன்னதைக் கேட்டு, நம்பி, அதன்மேல் நடவடிக்கை எடுத்த பிறகு எழுதப்பட்ட பாராட்டு அது.

2020 பிப்ரவரியில் வடகிழக்குத் தில்லியில் 53 பேர் இறந்த வன்முறையின்போது, கோகுல்புரியில் ஒரு சீக்கியத் தந்தையும் மகனும் மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலுமாக முஸ்லிம் அண்டைவீட்டார் 60 முதல் 80 பேரைப் பாதுகாப்பான இடம் சேர்த்தார்கள். 1984-ஐக் கண்டவர் அந்தத் தந்தை. நாடே பாராட்டியது, பாராட்ட வேண்டியதே. ஆனால் அந்த வன்முறை வழக்குகளில் சாட்சி சொல்ல வருபவர்களைப் பற்றிச் செய்தியாகவேனும் எத்தனை பேர் பேசினோம்?

மயூர் விஹாரில் எந்தச் சொசைட்டிக்குப் போனாலும் குடியரசு நாளில் கொடியேற்றி, இனிப்பு வழங்கி, யாராவது ஒருவருக்குக் கேடயம் கொடுப்பார்கள். குடியிருப்போர் நலச் சங்கம் மனது வைத்தால் சாலைக்கு அந்தப் பக்கம் போய்க் கேட்கலாம்: அன்று உங்களை யார் காத்தது, பிறகு யார் துணை நின்றது? காவல் நிலையம் அமைத்த அமைதிக் குழுவான அமன் கமிட்டியின் பட்டியலைப் பார்த்து வருவது இதற்கு ஈடாகாது, காக்கப்பட்டவர்களிடம்தான் கேட்க வேண்டும். சம்மதித்தால் பெயரோடு எழுதலாம், சம்மதிக்காவிட்டால் பெயரில்லாமல் எழுதி வைக்கலாம். 2014 தீபாவளியை ஒட்டி அதே திரிலோக்புரியில் இந்து-முஸ்லிம் மோதல் வந்து தடையுத்தரவு போட்ட நாள்களும் இந்தக் கேள்விக்குள் அடங்கும். வேலைக்கு வரும் பெண்ணிடம் அன்று விடுப்பு எடுத்தாயே என்று மட்டும் கேட்ட வீடுகளுக்கு, அன்றிரவு அவர் தெருவில் யார் விழித்திருந்தார்கள் என்று கேட்கவும் கடமை உண்டு.

எழுதி வைப்பதோடு நிற்கவும் வேண்டாம். சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டத்துக்கு 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. ஆபத்து உள்ளவர் அதற்கான அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்க மயூர் விஹாரில் ஓய்வுபெற்ற அரசு அதிகாரிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் பஞ்சமில்லை. கிழக்குத் தில்லியின் வழக்குகள் நடப்பது கட்கட்டூமா நீதிமன்றத்தில். மயூர் விஹார் பாக்கெட் 1 நிலையத்துக்கும் திரிலோக்புரி நிலையத்துக்கும் நடுவே பல ஆண்டுகள் விடுபட்டுக் கிடந்த பிங்க் லைன் மெட்ரோத் துண்டு 2021 ஆகஸ்ட் 6 அன்று திறக்கப்பட்டது. இப்போது மயூர் விஹாரில் ஏறினால், திரிலோக்புரியில் சாட்சியும் ஏறிக்கொள்ள, வண்டி மாறாமலே கட்கட்டூமா கோர்ட் நிலையத்தில் இறங்கலாம். விசாரணை தள்ளிவைக்கப்பட்டால் அடுத்த தேதிக்கும் கூடப் போக வேண்டியிருக்கும்.