கிழித்த சீட்டு

சென்னை எம்.சி. ரோடு ஜவுளிக்கடை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் பேரேடு எழுதினவன் நான். போன வாரம் ஏழாம் வகுப்புப் பேத்தி, முழுக்கள் பாடத்தோடு வந்து உட்கார்ந்தாள். குறையைக் குறையால் பெருக்கினால் மிகை.

"அப்போ பாவத்தைப் பாவத்தால பெருக்கினா புண்ணியமா தாத்தா?"

வெள்ளிக்கிழமை தவறாமல் பாட்டியோடு திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்க்கப் போகிற பிள்ளை, வேறெப்படிக் கேட்கும்?

முதலாளி மூன்று பேருக்கு ஆளுக்கு 500 ரூபாய் கடன்பட்டிருக்கிறார் என்று வை, என்றேன். மூவரும் "போகட்டும்" என்று சீட்டைக் கிழித்துவிட்டார்கள். கடன் 500, குறை. மூன்று கடன் கழிந்தது, அதுவும் குறை. முதலாளிக்கு 1500 மிச்சம். ஆனால் கொடுத்தவர்தான் கிழிக்கணும். வாங்கினவர் கிழித்தால் அதற்குப் பெயர் மோசடி.

கி.பி. 628-லேயே பிரம்மகுப்தர் இதை எழுதிவைத்தார். மிகைக்கு அவர் வைத்த பெயர் தனம், குறைக்கு ருணம், அதாவது கடன். கடனோடு கடனைக் கூட்டினால் கடன், பெருக்கினால் தனம். பேத்தி சறுக்கின இடம் இதுதான். பாவங்கள் கூடத்தான் செய்யும். பெருக்கலில் வருகிற இன்னொரு குறை பாவமே இல்லை, கிழிக்கிற கை.

அது யார் கை? சைவ சித்தாந்தம் சுலபமாகப் பதில் சொல்வதில்லை. அங்கே நல்வினையை வைத்துத் தீவினையை நேர் செய்ய முடியாது. இரண்டையும் தனித்தனியே அனுபவித்துத் தீர்க்கணும். இருவினை ஒப்பு என்றால் பாக்கி பூஜ்யம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன், கணக்குப்பிள்ளை புத்தி. இரண்டையும் ஒன்றுபோலப் பார்க்கிற மனசாம் அது.

அதனால் பேத்திக்குக் கதையாகவே சொன்னேன். டோல்கேட் தாண்டினால் திருவொற்றியூர். அங்கே மகிழமரத்தடியில், பிரியமாட்டேன் என்று தான் மணந்த சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தார் சுந்தரர். மீறி ஊர் எல்லையைத் தாண்டினதும் இரண்டு கண்ணும் போயின. பிறகு சிவன் தந்தது வெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறு கண். சிவனுக்கே தோழர், அவருக்கும் தவணைதான் என்று சொல்லி முடித்தேன்.

பேத்தி பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சத்தியம் சங்கிலிக்குத்தானே பண்ணாரு? அப்போ சீட்டு அவங்ககிட்டதானே இருக்கும்? சாமி எப்படித் தாத்தா கிழிச்சாரு?"

மாசித் திருவிழாவில் அந்தச் சத்தியத்தை நடத்திக் காட்டுகிற மகிழடி சேவைக்குக் கூட்டிப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.