துரை வீட்டுக் கத்தியும் மரம் சீவிய கத்தியும்

பழைய சாமான் தேடி அலைகிறவர்களுக்கு ஜொகூர் நல்ல ஊர். ஜொகூர் பாருவின் பசார் காராட் சந்தையிலோ, குளுவாங் பக்கத்துச் சாமான் கடையிலோ தோல் உரிந்த நீளப் பெட்டி ஒன்று கையில் அகப்படலாம். திறந்தால், நிறம் வெளுத்த வெல்வெட் பள்ளங்களில் மூன்று உருப்படிகள்: நீளக் கத்தி, இரண்டே முள் கொண்ட கரண்டி, கத்தியின் கூர் மடங்கினால் நிமிர்த்த ஓர் எஃகுத் தடி. கரண்டியின் முதுகில் மடக்கி நிமிர்த்தும் சின்னத் தடுப்பு இருக்கும். இறைச்சி அறுக்கும்போது கத்தி வழுக்கினால் விரல் தப்பிக்க அது. கத்தியின் அலகில் தேய்ந்தும் தேயாமலும் ஓர் ஊர்ப்பெயர்: ஷெஃபீல்ட்.

இந்தக் கார்விங் செட் இங்கே வந்த வழியை ஊகிப்பது கடினமில்லை. கூலாய், ரெங்கம், லாபிஸ் என்று ரப்பர் தோட்டம் பரவிய இடமெல்லாம் ஒரு துரை பங்களாவும் எழுந்தது. அந்நாளைய இங்கிலாந்தில் கார்விங் செட் பெயர்பெற்ற கல்யாணப் பரிசு; அது துரையோடு கப்பலேறியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், மலாயா துரைமாரின் ஞாயிறு மதிய விருந்து கறிசோறுதான். கறிக்கு இறைச்சி சமையற்கட்டிலேயே துண்டாகிவிடும். மேசைக் கத்திக்குக் கிறிஸ்துமஸ் போன்ற நாள்களில்தான் வேலை. பல செட்டுகள் புதுக்கருக்கு மாறாமல் கிடைப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

ஜப்பானியப் படை நெருங்க, 1942 ஜனவரி 31 அன்று பிரிட்டிஷ் படை ஜொகூரைச் சிங்கப்பூரோடு இணைக்கும் தாம்பாலத்தைக் கடந்து பின்வாங்கியது. அதற்கு முன்பே பங்களாக்கள் காலியாகியிருந்தன. பிறகு 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டன. ரப்பர் போய் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஓர் அலமாரி காலியாகி, பொருள் கைமாறியது.

இப்படி வந்த கத்தியைக் கையில் எடுத்தவர் துடைக்கத் துணி தேடுவதற்கு முன் அதில் பொறித்திருப்பதைப் படிக்க வேண்டும். ஒரு நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இருந்தால் அது ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை, 1764இல் பெற்றது. ‘இங்கிலாந்து’ என்று நாட்டின் பெயர் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்த காலம் அது. பிடியும் அலகும் சேருமிடத்தில் வெள்ளிப் பூண் இருந்து, அதில் குட்டிக் கிரீடம் தெரிந்தால் ஷெஃபீல்டில் தரம் பார்த்த வெள்ளி. அலகு கறுத்துத் துருப்பிடித்திருந்தால் பழைய கார்பன் எஃகு. துருவேறாத எஃகை ஹாரி பிரியர்லி அதே ஊரில் 1913இல்தான் வார்த்தார்.

பிடியைச் சற்று நேரம் பார்க்கலாம். சொரசொரப்பான பழுப்புக் கொம்பாக இருந்தால் அது இந்தியக் கடமானுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். காட்டில் மான் உதிர்த்த கொம்புகளைப் பொறுக்கி மூட்டை மூட்டையாக ஷெஃபீல்டுக்கு ஏற்றினார்கள். பிற்காலத்தில் இந்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடைசெய்தது. கொம்பு கப்பலேறிய அதே காலத்தில்தான் தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஆள்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார்கள். கொம்பு இங்கிலாந்தைச் சுற்றிக்கொண்டு வந்து பங்களா மேசையில் ஏறியது. ஆள்கள் நேராக வந்து தோட்டத் தொழிலாளர் லயத்தில் இறங்கினார்கள்.

பிடி வெள்ளையாக இருந்தால் எச்சரிக்கை தேவை. புள்ளி புள்ளியாகக் கறுப்புத் துளை இருந்தால் எலும்பு. ஒரே சீராக இணைகோடு ஓடினால் செல்லுலாய்டு. பிடியின் வெட்டுமுகத்தில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டினால் தந்தம். தந்தப் பொருளை அனுமதியில்லாமல் எல்லை கடத்தக் கூடாது. சிங்கப்பூரிலோ 2021 செப்டம்பர் முதல் உள்நாட்டு விற்பனைக்கும் தடை.

சீர்செய்வதில் பெரிய வித்தை எதுவுமில்லை, பொறுமைதான் வேண்டும். துருவில் மெல்லிய எண்ணெய் தடவி ஊறவிட்டு, மிக நுண்ணிய இரும்பு நாரால் அலகின் நீளவாக்கில் தேய்த்தால் போதும். புளியும் வினிகரும் துருவோடு எஃகையும் தின்னும். மின்சாணை பிடித்தால் முத்திரை போய்விடும். முத்திரை போனால் படிக்க எதுவும் மிஞ்சாது. பிடியை வெந்நீரில் போடவே கூடாது. அலகின் வால் பிடிக்குள் நிற்பது பெரும்பாலும் பிசின் கலவையால்தான். சூடு பட்டால் இளகிக் கழன்றுவிடும். அந்தக் காலத்து இங்கிலாந்துச் சமையலறையில் கத்தி துலக்கியது சேற்றைச் சுட்டுச் செய்த செங்கல்லின் தூளால். நம் வீடுகளிலும் செங்கல் தூளும் சாம்பலும்தான். ஏழை பணக்காரன் பேதம் அதில் இருந்ததில்லை. எண்ணெய் வைத்தும் போகாத கருநீல நிழலை அப்படியே விட்டுவிடுவது நல்லது. அது உபயோகத்தின் தடம், அழுக்கு இல்லை. கண்ணாடி போலப் பளபளக்க வைத்தவர்கள் புதுக் கத்தியையே வாங்கியிருக்கலாம்.

இவ்வளவு அக்கறையும் பங்களாக் கத்திக்குக் கிடைக்கிறது. அதே தோட்டத்தில் இன்னொரு கத்தி இருந்தது. விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மர நிரையில் இறங்கியவர்களின் கையில் இருந்த, நுனி வளைந்த, மரம் சீவும் கத்தி. பட்டையில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் சீவ வேண்டும். ஆழம் போனால் மரம் காயப்படும், மேலோடு போனால் மங்கில் பால் விழாது. நாளுக்கு 400, 500 மரம். தினமும் கல்லில் தீட்டித் தீட்டியே அது தேய்ந்து தீர்ந்தது. வெல்வெட் பெட்டி அதற்கு யாரும் செய்யவில்லை. தேய்ந்ததும் வீசினார்கள், அல்லது தோட்டம் மூடி லயத்தைக் காலி செய்தபோது கூரையிடுக்கிலேயே விட்டுப் போனார்கள். ஒரு பொருள் பிழைத்திருப்பதும் அழிவதும் அதன் அருமையைப் பொறுத்ததென்று நம்புகிறோம். உண்மையில் குறைவாக உழைத்த பொருளே அதிகம் பிழைத்திருக்கிறது.

துரை வீட்டுக் கத்தியைத் துடைத்து வைப்பதில் தவறேதும் இல்லை. நல்ல எஃகு, நல்ல வேலை. ஆனால் உங்கள் வீட்டிலோ உறவிலோ அப்பத்தாவோ தாத்தாவோ பிடித்த, மரம் சீவிய கத்தி கிடந்தால் அதற்கும் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள். பிடித்தவர் பெயர், தோட்டத்தின் பெயர், நிரையில் நின்ற வருடங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கத்தியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.