கொஞ்ச நாளைக்கு

"செருப்பக் கழட்டிட்டு வாங்க டீச்சர்."

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் கண்டி மலைகள் சரிந்தபின், எங்கள் தோட்டப் பாடசாலை மண்டபம் முகாமாகிவிட்டது. குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே சேலைதான் சுவர். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தரையில் வெண்கட்டியால் கோடு கிழித்து வைத்திருந்தாள். "இது எங்க இஸ்தோப்பு." அந்தத் திண்ணையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனேன்.

"கொஞ்ச நாளைக்குத்தானே, பொறுத்துக்குங்க" என்றேன் அவள் அம்மாவிடம். பக்கத்திலிருந்த பாட்டி சிரித்தார்: "லயத்தையும் கொஞ்ச நாளைக்குன்னுதானே கட்டுனாங்க!"

பாட்டி சொன்னது வரலாறு. கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து போனவர்கள் ஒண்டிக்கொள்ள எழுந்த வரிசைக் குடியிருப்புகள்தான் லயங்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். வந்தவர்கள் தங்கினார்கள்; பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் கூடவே தங்கிவிட்டது. இன்றும் பலரிடம் காணி உறுதி இல்லை. மண் வந்து மூடினால், போனது தன் வீடு என்று காட்ட ஒரு காகிதம் கிடையாது.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29இல் மலை சரிந்தது. தப்பியவர்களுக்குப் புதுவீடு கிடைக்க 2016 ஆகிவிட்டது. ஆபத்தில்லாத காணி தேடி, மண்ணைச் சோதித்து, வீடு கட்ட நாள் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு வருடத்துக்குள் நாலாம் வகுப்புப் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் பரீட்சையே வந்து போய்விடும். நமக்குத்தான் அது இடைக்காலம். அவளுக்கு அது பால்யம்.

ஆகவே, இடைத்தங்கல் வீட்டைக் கூரைக் கணக்கோடு முடித்துவிடக் கூடாது. பெண்பிள்ளை உடுப்பு மாற்றத் தாழ்ப்பாள் உள்ள கதவு, இரவில் படிக்க ஒரு விளக்கு, பழைய பள்ளிக்கே போய்வர ஒரு பஸ், எந்த மாதம் எங்கே போவோம் என்று எழுத்தில் ஒரு பதில்: இவையும் வேண்டும். பதில் இல்லாவிட்டால் தகரக் கொட்டிலும் லயமாகிவிடும். எங்கள் மலையில் அது புதிதல்ல.

பள்ளி திறக்குமுன் மண்டபத்தைக் கழுவினோம். கோடும் தண்ணீரோடு போனது. புது வருட இடாப்பு எழுதும்போது அவள் மேசையருகே வந்து நின்றாள்.

"எந்த விலாசம் சொல்ல, டீச்சர்?"

பெயரைப் பேனாவால் எழுதினேன். விலாசத்தை மட்டும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.