அணிலின் புண்ணியம்

சேது கட்ட மணல் சுமந்த அணிலை நாம் மறப்பதில்லை. அது தெரிந்து செய்த தொண்டு. ஆகவே முதுகில் மூன்று கோடு கிடைத்தது. தெரியாமலே ஒரு பெரும் நன்மை செய்துவிட்ட வேறோர் அணிலுக்கு எதைக் கொடுப்பது?

வடகிழக்குச் சைபீரியாவில் கோலிமா என்றோர் ஆறு வடதுருவக் கடலில் போய்ச் சேருகிறது. தூந்திரப் பிரதேசம். கோடையில் மண்ணின் மேற்பரப்பு கொஞ்சம் இளகுமே தவிர, அடியில் கல்லாக உறைந்து கிடக்கும். சுமார் 32,000 ஆண்டுகளுக்கு முன், மயிர் அடர்ந்த மாமூத் யானைகளும் காண்டாமிருகங்களும் அங்கே மேய்ந்த காலத்தில், தரை அணில்கள் வளைக்குள் விதையும் காயும் சேர்த்து வைத்தன. புழுதி மூடியது; பனி உறைந்தது. சேர்த்தது உண்ணப்படாமலே கிடந்தது. 38 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டெடுத்த ரஷ்ய விஞ்ஞானிகள், முற்றாத காய்களின் திசுவை எடுத்து வளர்த்தார்கள். செடி வளர்ந்து, வெள்ளைப் பூப் பூத்து, விதையும் ஈன்றது. அந்த விதையும் முளைத்தது. 2012-ல் உலகம் இதை அறிந்தது.

அணில் செய்தது தர்மமா? இல்லை, பசிக்குப் பயந்து சேர்த்தது. நோக்கத்தில்தான் புண்ணியம் என்றால் அதற்கு ஒன்றுமில்லை. இந்தத் தீர்ப்பு எனக்கு முதலில் பிடித்திருந்தது. காரணம், அதே தராசில் நம் பாவமும் எடையற்றுப் போகும் அல்லவா?

நிலக்கரியும் பெட்ரோலும் எரிக்கிற நாம் யாரும் துருவத்தை உருக்க வேண்டுமென்று எரிப்பதில்லை. ஆனாலும் 1979-க்குப் பின் வடதுருவ வட்டாரம் உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது. உறைமண்ணில் புதைந்துள்ள கரி, காற்றிலுள்ள கரியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. மண் இளகினால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரியமில வாயுவாகவும் மீதேனாகவும் வெளிவிடும். சூடு இன்னும் ஏறும். நினைத்துச் செய்யவில்லையே என்று நாம் தப்பித்துக்கொள்ளலாமா?

முடியாது. அணிலுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். தெரியாமல் செய்வது அறியாமை. தெரிந்தும் நினையாதிருப்பது அறியாமை போட்டுக்கொண்ட வேஷம்.

நான் இந்த விளக்கை அணைத்துவிட்டால் கோலிமாக் கரை இளகாமல் நின்றுவிடுமா? நிற்காது. ஒருவன் பங்கு ஒரு மணல் துகள்தான். சேதுவின் அணிலும் மணல் துகளைத்தான் சுமந்தது. கடலின் அளவைப் பார்த்துவிட்டு அது திரும்பிப் போகவில்லை.