ஆண்டெனாவைக் கழற்றிய பிறகும்

ரேடியோ இரைகிறது என்று காடியைக் கொண்டுவருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "ஆக்சிலேட்டர மிதிச்சா சத்தமும் கூட ஏறுதாண்ணே?" என்றுதான். இந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும். ஏறுகிறது என்றால் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்றிலிருந்து சத்தம் வருகிறது, பெரும்பாலும் அல்டர்னேட்டர். எஞ்சினை அணைத்த பிறகும் சத்தம் அப்படியே நிற்கிறது என்றால் அல்டர்னேட்டரை மறந்துவிட்டு வேறு பக்கம் தேடவேண்டும். போர்ட் கிள்ளானில் பதினோரு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். ஒரு சத்தத்தை நிறுத்துவதும் அது ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்வதும் தனித்தனி வேலைகள். இரண்டில் எதற்கு நான் கடமைப்பட்டவன் என்ற கேள்விதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வாடிக்கையாளர்களின் தமிழ் இந்த விஷயத்தில் என் மீட்டரைவிடத் துல்லியமானது. "உய்ங்னு ஊளையிடுது" என்றால் அல்டர்னேட்டர். "டிக்டிக்னு அடிக்குது" என்றால் இக்னிஷன், பிளக் வயர் பழசாகியிருக்கும். "சரசரங்குது" என்றால் ஆண்டெனா, இல்லையென்றால் சிக்னலே பலவீனம். "பாட்டு கரகரன்னு ஒரசுது" என்றால் நேராக ஸ்பீக்கரைக் கழற்றிவிடலாம். பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவியை மனப்பாடம் செய்தபோது அது பட்டறையில் சோறு போடும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

மற்ற சோதனைகளும் எளியவைதான். ஒலியைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்போம். இரைச்சலும் சேர்ந்து கூடிக் குறைந்தால் அது வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்னாலேயே நுழைந்துவிட்டது. வால்யூமைச் சுத்தமாகக் குறைத்த பிறகும் ஊளை அதே அளவில் கேட்டால் அதற்குப் பின்னால், ஆம்பிளிஃபையர் பக்கமோ எர்த் பக்கமோ நுழைகிறது. பிறகு ஆண்டெனா வயரைப் பின்பக்கத்திலிருந்து பிடுங்கிவிடுவோம். இரைச்சல் போய்விட்டால் வெளியிலிருந்து வந்தது. போகவில்லை என்றால் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. ஸ்பீக்கருக்கு ஒன்றரை வோல்ட் பேட்டரி போதும். இரண்டு முனையிலும் தொட்டால் 'டொப்' என்று ஒரு சத்தம், கோன் முன்னால் நகரும். நாலு ஓம் ஸ்பீக்கரை மீட்டரில் அளந்தால் மூன்றரைக்குப் பக்கத்தில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. கோனை விரல்களால் சமமாக அமுக்கிப் பார்த்தால், உரசல் இருந்தால் விரல் நுனிக்கே தெரியும். பழைய சாகாவிலும் கஞ்சிலிலும் ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று கொண்டுவருவார்கள். கதவைத் திறந்து மூடச் சொன்னால் பாட்டு வந்து வந்து போகும். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கும். கதவுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய்க்குள் வயர் மடங்கி மடங்கி உள்ளே நரம்பு அறுந்திருக்கும். புது ஸ்பீக்கர் ஒரு ஜோடி விற்றுவிட்டு, மாட்டும்போது போகிறபோக்கில் அந்த வயரையும் ஒட்டிவிட்டால் வாடிக்கையாளர் சந்தோஷமாகத்தான் போவார்.

இந்த ஊரில் இன்னும் இரண்டு சங்கதி உண்டு. ஒன்று கடல். உப்புக் காற்றில் ஆண்டெனா அடியும் எர்த் திருகும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். இன்னொன்று லாரி. நோர்த்போர்ட்டிலிருந்தும் புலாவ் இண்டாவிலிருக்கும் வெஸ்ட்போர்ட்ஸிலிருந்தும் கண்டெய்னர் இழுக்கும் வண்டிகளில் இரண்டு பன்னிரண்டு வோல்ட் பேட்டரிகளைத் தொடராகச் சேர்த்து இருபத்து நாலு வோல்ட் ஓடும். கார் ரேடியோ கேட்பதோ பன்னிரண்டு. அதனால் நடுவில் ஒரு கன்வெர்ட்டர். மலிவான கன்வெர்ட்டர் என்றால் அது தன் பங்குக்கு ஒரு விசில் அடிக்கும், எஞ்சின் வேகத்தோடு ஏறாமல், ஒரே சுருதியில். டிரைவர் வரிசையில் நாலு மணி நேரம் நிற்கிறார், அவருக்கு மின்னல் எஃப்எம்மோ ராகாவோதான் துணை. (என் அப்பா தலைமுறைக்கு மின்னல் இன்னும் 'ரேடியோ ஆறு'தான்.) அந்தத் துணைக்குப் பின்னால் நாள் முழுக்க ஒரு விசில் என்றால் எனக்கும் பைத்தியம் பிடிக்கும்.

இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்ததுதான். கன்வெர்ட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் பன்னிரண்டு வோல்ட்டை நேராக எடுத்துவிடுவது. பத்து நிமிட வேலை. விசில் உடனே நின்றுவிடும், சத்தம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் ரேடியோ ஒரு பேட்டரியை மட்டும் குடிக்கிறது, சார்ஜ் மட்டும் இரண்டுக்கும் சேர்த்தே போகிறது. குடிக்கப்படுகிற பேட்டரி நிரம்புவதில்லை, மற்றது அளவுக்கு மேல் நிரம்பிக் கொதிக்கிறது. சில மாதத்தில் இரண்டும் கெடும். அதற்குள் நான் காசு வாங்கியிருப்பேன், டிரைவர் பாட்டுக் கேட்டிருப்பார், பேட்டரிக்கு தவுக்கே பணம் கட்டுவார். 'வண்டிய ஒழுங்கா பாத்துக்கல' என்று அவர் டிரைவரைத் திட்டுவார். மூவரில் உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான், பணம் போகாதவனும் நான்தான்.

இமானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். குழந்தை வந்தாலும் எல்லோருக்கும் விற்கும் அதே விலைக்கே விற்கிறார். நேர்மை கடமை என்பதால் அப்படிச் செய்கிறாரா, வியாபாரத்துக்கு நல்லது என்பதாலா என்று கேட்கிறார் காண்ட். நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கடைக்காரருக்கு என் நிலைமை இல்லை. அவர் ஏமாற்றினால் குழந்தையின் அம்மா அடுத்த நாள் வந்து கேட்கலாம், விலை ஊருக்கே தெரியும். என் வாடிக்கையாளரால் எதையும் சரிபார்க்க முடியாது. அவரிடம் இருக்கும் ஒரே அளவுகோல் சத்தம் நின்றதா இல்லையா என்பது. அந்த அளவுகோலில் குறுக்குவழி எப்போதும் நூற்றுக்கு நூறு வாங்கும். ஆக, எங்கள் தொழிலில் நேர்மை லாபம் தரும் என்ற ஆறுதல்கூட அதிகம் கிடையாது. இரண்டு மணி நேரம் தேடி ஒரு எர்த் திருகைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டிவிட்டு அறுபது வெள்ளி கேட்டால், "ஒரு ஸ்குருவுக்கா?" என்பார்கள். அதே அறுபது வெள்ளிக்கு ஒரு ஃபில்டர் டப்பாவை டாஷ்போர்டுக்கு அடியில் கட்டிவிட்டால் கேள்வியே வராது, கையில் காட்ட ஒரு பொருள் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த நேரத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்?

ஃபில்டரைக் குறை சொல்வதாக நினைக்கவேண்டாம், அதற்கும் இடம் உண்டு. எனக்குப் பயமெல்லாம் அது எதை மறைக்கிறது என்பதில்தான். அல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகளில் ஒன்று போய்விட்டால் அலைமின் கசிவு கூடும், ரேடியோ ஊளையிடும். பேட்டரி முனையில் ஏசி வோல்ட் அளந்து அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடைச் சந்தேகிக்கலாம். அந்த நிலையில் ரேடியோ வண்டியிலேயே மிக மலிவான எச்சரிக்கை மணி. ஃபில்டர் மணியின் வாயை மட்டும் கட்டுகிறது. டயோடு தன் போக்கில் சாகிறது, ஒரு நாள் ராத்திரி ஃபெடரல் ஹைவேயில் வண்டி நின்றுவிடும். மருந்து பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர் நோய் எது, அதன் வேர் எது என்ற இரண்டையும் தணிக்கும் வழிக்கு முன்னால் வரிசையாக வைத்திருக்கிறார். அந்த வரிசை எனக்கு மருத்துவத்தைவிட வயரிங்கில்தான் புரிந்தது.

சரி, இரைச்சல் என்றால் என்ன? வேண்டாத ஒலி என்றால், யாருக்கு வேண்டாதது? கடல்மேல் காற்று அடுக்கடுக்காகப் படியும் சில மாலைகளில் நீரிணைக்கு அந்தப் பக்கத்து நிலையம் ஒன்று இங்குள்ள அலைவரிசைமேல் ஏறிவிடும். நமக்கு அது குறுக்கீடு. சுமத்ராவில் யாரோ அதை உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருப்பார். 1930களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளம் பொறியாளருக்குக் கொடுத்த வேலை கிட்டத்தட்ட என் வேலைதான்: கடல் கடந்த ரேடியோ தொலைபேசியில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது, கண்டுபிடி. பழைய ஃபோர்டு மாடல் டி காரின் சக்கரங்களில் ஒரு பெரிய ஆண்டெனாவை ஏற்றி அதைச் சுற்றவிட்டுக் கேட்டார். பக்கத்து இடி, தூரத்து இடி இரண்டையும் பிரித்த பிறகும் ஒரு மெல்லிய இரைச்சல் மிச்சம். அது 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு முறை திரும்ப வந்தது. சூரியனாக இருந்தால் சரியாக 24 மணி நேரம் ஆகவேண்டும்; நாலு நிமிடம் குறைகிறது என்றால் அது விண்மீன்களின் கணக்கு. 1933இல் அதை வெளியிட்டார். பால்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலையை மனிதர்கள் முதலில் கேட்டது இப்படித்தான். ஃபில்டர் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் அவரைக் கேட்க ஆள் இல்லை.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இரைச்சலைப் பற்றி யோசித்தால் 1941ஐத் தாண்டிப் போகமுடியாது. இது போர்ட் சுவெட்டன்ஹாமாக இருந்த காலம். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்புக் கேட்டார்கள், பெண்கள்மீது கை வைப்பதை நிறுத்தச் சொன்னார்கள். துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை எடுக்கச் சொன்னார்கள். காலனி அரசு இதைக் கேட்டது, கண்டறியவும் செய்தது. அதன் முடிவு: வெளியிலிருந்து வரும் குறுக்கீடு. யாரோ தூண்டிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் நம்முடைய கூலிகள் நல்லவர்கள். மே மாதம் கிள்ளான் இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதனைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள்.

என் மொழியில் சொன்னால் ஆண்டெனாவைப் பிடுங்கினார்கள். சோதனையாகச் செய்திருந்தால் அது சரியான சோதனைதான். பதிலும் உடனே வந்தது, இரைச்சல் நிற்கவில்லை. நாதன் கைதான பிறகு வேலைநிறுத்தம் இன்னும் பல தோட்டங்களுக்குப் பரவியது. கோளாறு வண்டிக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி எந்தப் பட்டறையிலும் கிடைக்காது. ஆனால் ஆண்டெனாவைப் பிடுங்கியவர்கள் பதிலைக் கேட்பதற்காகப் பிடுங்கவில்லை. அடுத்து ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் செத்தார்கள், அதன்பிறகு தோட்டங்கள் அமைதியாகின. சத்தம் நின்றதுதான் அளவுகோல் என்றால் அது வெற்றிகரமான ரிப்பேர்.

மனிதர்களின் குரலையும் டயோடின் ஊளையையும் ஒரே தராசில் வைப்பது அபத்தம் என்று ஒரு நண்பர் சொன்னார். டயோடு புகார் செய்வதில்லை, அது வெறுமனே கெடுகிறது. ஒத்துக்கொள்கிறேன். நான் ஒப்பிடுவது கேட்கிறவனைத்தான். அல்டர்னேட்டரிடமிருந்து வந்தாலும் பால்வெட்டுக்காரரிடமிருந்து வந்தாலும், 'இது எனக்குத் தொந்தரவு' என்பதையும் 'இது எதைச் சொல்கிறது' என்பதையும் கேட்கிறவன் பிரித்துப் பார்க்கிறானா என்பதே கேள்வி. இதன் மறுபக்கமும் உண்டு. எல்லா இரைச்சலுக்கும் ஆழமான அர்த்தம் இருக்கிறது என்று நினைப்பது எழுதுகிறவர்களின் வியாதி. பல நேரம் அது பத்து வெள்ளி யுஎஸ்பி சார்ஜர்தான், பிடுங்கினால் போச்சு. டாஷ்கேமும் அதே கதை. வெளியிலிருந்து வரும் குறுக்கீடு என்ற ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதனால்தான் சோதனை வேண்டியிருக்கிறது, முன்முடிவு உதவாது.

டிரைவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பதினாலு மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறவர், "தம்பி, காரணமெல்லாம் நாளைக்குப் பாக்கலாம், இன்னிக்கு ராத்திரி இத நிறுத்திக் குடு" என்றால், இல்லை என்று சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. அமைதி அவருடைய உரிமை, அதை என் தத்துவத்துக்காகத் தள்ளிப்போட முடியாது. ஒற்றை பேட்டரியில் தட்டிவிடும் வேலையை மட்டும் செய்வதில்லை. அதில் நஷ்டப்படுகிறவர் அங்கே நிற்கவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. ஃபில்டர் கேட்டால் போட்டுக்கொடுக்கிறேன். மீட்டர் காட்டியதை அவரையே குனிந்து பார்க்கச் சொல்கிறேன். பில்லில் விலைக்குக் கீழே, தவுக்கேயும் படிக்கட்டும் என்று மலாயில் இரண்டு வரி எழுதுகிறேன்: ஏசி இத்தனை வோல்ட், அல்டர்னேட்டரைக் கழற்றி டயோடைப் பார்க்கவும். பெரும்பாலானவர்கள் அந்தப் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பி, சத்தம் நின்றதா என்று முதலில் ரேடியோவைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள்.