கணு கடக்கும் கணம்

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன் பிடிப்போர் இன்றும் பரிசல் செலுத்துகிறார்கள். மரபான பரிசலின் உடல் மூங்கில் பிளாச்சுகளால் பின்னப்பட்டது. மூங்கிலைப் பிளக்கும் வேலையைச் சற்று நின்று கவனித்தால், கூர்கருவியின் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது விளங்கும். தலைப்பில் கத்தியைப் பதித்து ஒரு தட்டுத் தட்டினால் மூங்கில் வாய் திறக்கிறது. பிறகு நார் போகும் வழியே பிளவு தானாக ஓடுகிறது. கணு வந்ததும் நின்றுவிடுகிறது. அங்கே நார்கள் பின்னிக் கிடக்கின்றன. உள்ளே குறுக்குச் சுவரும் உண்டு. பழகாதவர் அவ்விடத்தில் கத்தியை மேலும் மேலும் அழுத்துவார். கணு பிளந்ததும், அதை வெல்லத் திரட்டிய வலு முழுவதும் தடையற்ற கத்தியோடு சேர்ந்து முன்னே பாயும். பழகியவரோ கணுவை அழுத்திக் கடப்பதில்லை, தட்டிக் கடக்கிறார். வீட்டில் ஒரு சிறு பட்டறை வைத்து உளியும் ரம்பமும் கையாளும் எவரும் அறிய வேண்டியதில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. அதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதற்படி, காயத்தின் காரணத்தைச் சரியாக இனங்காண்பது. கூர்மையைக் குற்றம் சொல்வதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் பலகை மேல் கிடக்கும் உளிக்கும் அதே கூர்மை உண்டு. அது யாரையும் வெட்டுவதில்லை. வேலை நடக்கும்போது உளிமுனையில் இரண்டு விசைகள் எதிரெதிரே நிற்கின்றன. கை தள்ளுகிறது, மரம் தாங்குகிறது. இவை ஒன்றையொன்று ஈடுசெய்யும் வரையில் கருவி நம் வசத்தில் இருப்பதாகவே தோன்றும். உண்மையில் அந்த வசத்தில் பாதி மரத்தினுடையது. கிளை முளைத்த கணு உடையும் இடத்தில், நார் திசைமாறும் இடத்தில், அறுப்பு முடியும் கடைசி இழுப்பில் மரம் தன் பங்கைச் சொல்லாமல் விலக்கிக்கொள்கிறது. எஞ்சுவது நம் தள்ளல் மட்டுமே. அதற்கு எதிரே இருப்பது பெரும்பாலும் நம்முடைய இடக்கை.

இங்கிருந்து மழுங்கலின் தீமைக்கு வரலாம். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள உளியொன்றை எடுத்துக்கொள்வோம். தீட்டிய நிலையில் அதன் விளிம்பின் தடிப்பு 0.01 மில்லிமீட்டர் என்று கொண்டால், மரத்தைத் தொடும் பரப்பு 0.2 சதுர மில்லிமீட்டர். மழுங்கி விளிம்பு 0.1 மில்லிமீட்டர் ஆகும்போது பரப்பு 2 சதுர மில்லிமீட்டர். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது; ஆகவே அதே அழுத்தத்தை எட்டக் கை பத்து மடங்கு வலுவைத் தர வேண்டும். மரம் வெட்டுப்படுவதில் வேறு காரணிகளும் உண்டு என்பதால் இதை முழுக் கணக்காகக் கொள்ளலாகாது, போக்கு இதுதான். அவ்வாறு மிகையாகத் தந்த வலுவே, தடை நீங்கியதும் கட்டவிழ்கிறது. தீட்டிய உளி தவறினால் காயம் ஆழமாகாதா என்று கேட்கலாம். ஆகும், கூரிய விளிம்பு தசையையும் எளிதாகவே பிளக்கும். ஆயினும் அது தவறிப் பாயும் சந்தர்ப்பம் மிகவும் குறைவு, பாயும்போது உடன் வரும் வேகமும் குறைவு. எனவே சாணை பிடிப்பதைப் பாதுகாப்பின் முதல் வேலையாகவே நான் கொள்வேன். மரவேலை உளிக்கு 25 முதல் 30 பாகை வரையிலான சரிவு போதுமானது. தீட்டிய பின் பின்புறம் எழும் பிசிறையும் கல்லில் தேய்த்து நீக்க வேண்டும். பதம் பார்க்கக் கட்டைவிரலை விளிம்பின் நெடுக ஓட்டக் கூடாது. ஒரு தாளை வெட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்தது நேரம். எதிர்பாராத ஒன்றைக் கண் கண்டு, கை அதற்கேற்ப அசைவதற்கு ஏறத்தாழ 0.2 நொடி ஆகிறது. நழுவிய உளி நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போனாலும், அந்த 0.2 நொடிக்குள் 40 சென்டிமீட்டர் கடந்துவிடும். இடக்கை அதற்குள்தான் இருக்கும். 'கவனமாக இரு' என்று பெரியவர்கள் சொல்வது நல்லெண்ணத்தால். ஆனால் நழுவும் கணத்தில் கவனத்துக்குச் செய்ய ஏதுமில்லை. அதன் வேலை முழுவதும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். உளியை வைக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: மரம் இப்போதே விட்டுக்கொடுத்தால் இந்த விளிம்பு எங்கே போய் நிற்கும்? அந்தப் பாதையில் கை, தொடை, அருகில் வேடிக்கை பார்க்கும் குழந்தை என உயிருள்ள எதுவும் இருக்கலாகாது. மேசையிலிருந்து நழுவிய உளியைப் பிடிக்கக் கை நீட்டக் கூடாது என்பதும், பட்டறையில் வெறுங்காலுடன் நிற்கக் கூடாது என்பதும் இதே கேள்வியின் விடைகள்தாம்.

நம் தச்சர்கள் தரையில் அமர்ந்து, காலால் மரத்தை அணைத்து வேலை செய்வதைப் பலர் பார்த்திருப்பர். சேலம் மாவட்டத்தின் தம்மம்பட்டியில், வாகை முதலிய மரங்களில் சிற்பம் செதுக்கும் குடும்பங்கள் தலைமுறைகளாக உளியோடு வாழ்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற கலை அது. அத்தகைய கைகள் கருவியை வேறு விதமாகச் செலுத்துகின்றன. கொட்டாப்புளியால் தட்டும்போது ஒவ்வொரு தட்டும் அளவான வலுவைத் தந்து அங்கேயே முடிந்துபோகிறது. மரம் விட்டுக்கொடுத்தாலும் உளி சிறிது தூரம் போய் நின்றுவிடும். உள்ளங்கையால் தள்ளும்போதோ தோளும் உடலும் பின்னாலேயே தொடர்கின்றன. நிறுத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை. தள்ளியே ஆக வேண்டிய மென்மையான செதுக்கலில், ஒரு கை தள்ள, மறுகையின் விரல்கள் உளித்தகட்டின் மேல் அமர்ந்து பின்னோக்கிப் பிடிக்கும். அந்த எதிர்ப்பிடி, மரம் கைவிடும்போது மரத்தின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. இரண்டு கைகளும் விளிம்புக்குப் பின்னால் இருப்பதால் காயத்துக்கும் வழியில்லை. ஆனால் இரு கைகளும் உளியில் இருந்தால் மரத்தைப் பிடிப்பது யார்? காலால் பிடிக்கும் திறன் பல்லாண்டுப் பயிற்சியின் பயன். விடுமுறை நாளில் பலகை செதுக்குபவர் அதைப் பின்பற்றலாகாது. அவருக்கு வைஸும் இரண்டு கிளாம்புகளும் வேண்டும். புதிய உளி வாங்க எடுத்து வைத்த பணத்தில் முதலில் அவற்றை வாங்குவதே முறை.

இரும்பு வேலையிலும் இதே விதி. ஆக்ஸா பிளேடால் குழாய் அறுக்கும்போது கடைசி இழுப்புகளை மெதுவாக்க வேண்டும். தகரத்தில் துளையிடும்போது டிரில் மறுபக்கம் வெளிப்படும் நொடி, தகட்டைக் கவ்விச் சுழற்றிவிடும். கையால் பிடித்த தகடு அப்போது தானே ஒரு வெட்டுக்கத்தி ஆகிறது. அதையும் கிளாம்பில் பூட்டுங்கள்.

மின்கருவிகளில் இதே விதி தலைகீழாகவும் செயல்படுகிறது. அங்கே வலு நம் தசையில் இல்லை, சுழலும் வட்டில் இருக்கிறது. 100 மில்லிமீட்டர் வட்டு பொருத்திய ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால், வட்டின் ஓரம் நொடிக்கு ஏறத்தாழ 58 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது; மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். இரும்புச் சட்டத்தின் இரு முனைகளையும் தாங்கி நடுவில் அறுத்தால், அறுபடும் வாய் தொய்ந்து வட்டை நெரிக்கும். தடை திடீரெனத் தோன்றுகிறது; வட்டு நிற்க, கருவி எகிறிக் கையை உதறுகிறது. எனவே அறுந்து விழ வேண்டிய பக்கத்தைத் தாங்காமல் விட வேண்டும், முகம் வட்டின் தளத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். பெரிய வட்டு பொருத்துவதற்காகக் காப்புத் தகட்டைக் கழற்றிவிடுவது நம் ஊர்ப் பட்டறைகளில் சாதாரணமாகிவிட்டது. இதை நான் மன்னிக்க இயலாத செயலாகவே கருதுகிறேன். வட்டின் மேல் அச்சிட்ட உச்சச் சுற்று அளவு கருவியின் அளவைவிடக் குறைவானால் வட்டு சிதறக்கூடும். நடுவளையத்தில் காலாவதித் தேதியும் இருக்கும், படித்துப் பாருங்கள். டிரில் போன்ற சுழல் கருவிகளின் முன் துணிக் கையுறை, தோளில் துண்டு, தளர்ந்த லுங்கி எதுவும் கூடாது. சுழல்வது அவற்றைப் பற்றி உடலையும் இழுத்துக்கொள்ளும்.

மேட்டூர் வாசகருக்கு இவற்றில் பல புதியனவாக இரா. அணை கட்டி முடிந்தது 1934-இல். பின்னர் நீர்மின் நிலையம், அலுமினிய ஆலை, வேதி ஆலை, 1987 முதல் அனல்மின் நிலையம் என்று வளர்ந்த ஊர் இது. பிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் இல்லாத தெரு அரிது. இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு வேலியிட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் கட்டாயப்படுத்தியது. அந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த ஒழுக்கம் ஆலை வாயிலில் கண்ணாடியும் காலணியுமாக நிற்கிறது. மாலையில் அதே கைகள் வீட்டுத் தாழ்வாரத்தில் கண்ணாடியின்றிக் கிரைண்டரை எடுக்கின்றன. வீட்டுக்குப் பாதுகாப்பு அலுவலர் வருவதில்லை. அந்தப் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றால் நன்று. மனைவியோ மகளோ 'கண்ணாடி எங்கே?' என்று கேட்டால், அது தொந்தரவு அன்று.

இவ்வளவுக்குப் பின்னும் காயம் நேரலாம். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது; சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்திப் பிடிக்க வேண்டும். இரத்தம் நின்றதும் ஒவ்வொரு விரலையும் மடக்கி நீட்டிப் பாருங்கள். விரல்நுனியில் உணர்வு குறைந்தாலோ ஒரு விரல் அசையாவிட்டாலோ, காயம் சிறிதாயினும் நரம்போ தசைநாணோ அறுபட்டிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி நிலவரத்தையும் அவரிடம் சொல்ல வேண்டும். விரல் துண்டாகிவிட்டால் ஈரத்துணியில் சுற்றி, நீர் புகாத பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வையுங்கள். பனிக்கட்டி நேரடியாகத் தொட்டால் திசு கெட்டுவிடும். 108-ஐ அழைத்து மேட்டூர் அரசு மருத்துவமனையிலோ சேலத்திலோ முதல் சிகிச்சை பெறலாம். கைச் சீரமைப்பு அறுவைக்குப் பெயர்பெற்ற கோவை கங்கா மருத்துவமனை பவானி வழியே சுமார் 150 கிலோமீட்டர். துண்டு குளிர்ச்சியில் இருந்தால் அந்தப் பயணத்துக்கு அவகாசம் உண்டு. விரல் துண்டான நேரத்தை மருத்துவர் கேட்பார். உடன் போகிறவர் அதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும்.