கூலி வாங்காதவரைக் கேள்வி கேட்கலாமா?

பரமத்தி வேலூர்ப் பக்கம் விடியற்காலையில் பயணம் செய்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. காவிரிக் கரையிலும் ராஜா வாய்க்கால் பாசனத்திலும் விளைந்தவை ஊர் விழிப்பதற்கு முன்பே தோட்டங்களை விட்டுப் புறப்பட்டுவிடுகின்றன. பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளித் தார்கள் ஏலத்துக்கு வரிசையாக இறங்குகின்றன. வெற்றிலை ஈரச் சாக்குக்குள் வருகிறது. 100 வெற்றிலை கொண்டது ஒரு கவுளி. 104 கவுளி சேர்ந்தால் ஒரு சுமை. கொப்பரைக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் உண்டு. வெல்லத்துக்குப் பிலிக்கல்பாளையம் உண்டு. காய்கறிக்கும் கீரைக்கும் உழவர் சந்தை உண்டு. விளைவிப்பவனும் உண்பவனும் சந்திக்கும் இடங்கள் இவை. விலை ஏறினால் ஒருவர் முகமும் இறங்கினால் மற்றவர் முகமும் மலரும் இடங்கள்.

உழவர் சந்தை அரசின் ஏற்பாடு. 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணாநகரில் முதலாவது சந்தை திறக்கப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஆந்திரத்தில் ஏற்பட்ட ரைத்து பஜார் அதற்கு முன்மாதிரி. விவசாயிக்கு அடையாள அட்டை, இலவசமாகத் தராசு, பலகையில் அன்றன்றைய விலை, மேற்பார்வைக்குச் சம்பளம் பெறும் அலுவலர்கள் என்று அதற்கு ஒரு முறை உண்டு. வியாபாரி விவசாயி வேடத்தில் உள்ளே நுழைந்தாலும், அட்டை கிடைக்கவில்லையென்றாலும் முறையிட ஒரு கதவு உண்டு. அந்தக் கதவு திறக்கவில்லையென்றால் அதற்கு மேல் இன்னொன்று. கடைசியில் மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் நாள். கதவுகள் எல்லாம் எளிதில் திறந்துவிடுகின்றன என்று நாம் சொல்லவரவில்லை. கதவுகள் இருக்கின்றன என்று மட்டுமே சொல்கிறோம்.

நாம் எழுத வந்தது கதவில்லாத ஒரு சந்தையைப் பற்றி. ஆற்றோர ஊர் ஒன்றில், சுற்றுப்புறக் கிராமங்களின் சிறு விவசாயிகள் தாங்களே கூடி, வாரம் ஒரு நாள் சந்தை நடத்தி வருகின்றனர். இடைத்தரகர் இல்லை, ஏலம் இல்லை, சுங்கம் இல்லை. ஏழு பேர் கொண்ட ஒரு குழு இடம் ஒதுக்குகிறது, வாசலைத் திறக்கிறது, எடைக்கல்லைச் சரிபார்க்கிறது, குப்பையைக் கூட்டுகிறது. எழுவரில் எவருக்கும் ஊதியம் இல்லை. அவர்களுள் மூத்தவர் ஒருவர் தொடக்க நாள் முதல் இந்தப் பாரத்தைத் தோளில் சுமந்தவர். அவர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் அதிகாலை நான்கு மணிக்குத் துடைப்பத்தோடு அந்த மைதானத்தில் நிற்கும் அவரைக் காணும்போதெல்லாம், நம் பங்கில் இப்படி ஒருவர் வாய்க்கமாட்டாரா என்று நாம் ஏங்கியதுண்டு.

அந்த மைதானத்தில் இரண்டு வேப்பமரங்கள் இருக்கின்றன. சந்தையின் நீதி முழுவதும் அந்த இரண்டு மரங்களின் அடியில்தான் இருக்கிறது என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். கீரை விற்றவர்கள் நகைக்கமாட்டார்கள். மாசி, பங்குனி மாதங்களில் காலை ஒன்பது மணிக்கே வெயில் சுடத் தொடங்கிவிடும். நிழலில் கிடக்கும் கீரைக்கட்டு பதினொரு மணி வரை விலை போகும். வெயிலில் கிடப்பது பத்து மணிக்கே தலை சாய்ந்துவிடும், பிறகு பாதி விலைக்குக் கேட்பார்கள். தேங்காய்க்கும் பூசணிக்கும் இந்தத் தொல்லை இல்லை. கீரைக்கும் வெற்றிலைக்கும் பூவுக்கும் நிழல் என்பது காசு.

நம் பங்கைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர், குத்தகைக்கு எடுத்த இருபது செண்ட் நிலத்தில் கீரை பயிரிட்டு அங்கே விற்கிறார். மூன்று மாதங்களாக அவருக்கு வெயிலில்தான் இடம். மரத்தடியில் ஒரு மூலை மட்டும் வாரந்தவறாமல் ஒரே ஆளுக்கு வாய்த்தது. அந்த ஆள் மூத்தவரின் மைத்துனர். அவர் விற்றது தேங்காய்.

ஒரு நாள் இந்தப் பெண் கேட்டுவிட்டார். “ஏனுங்க அண்ணா, எனக்கு மட்டும் வெயில்லயே எடம் வருதுங்களே?” மூத்தவர் பெருக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “நாலு மணிக்கு எந்திரிச்சு வந்து, கைக்காசு போட்டு இதை நடத்தறவன் நானு. பத்துப் பைசா வாங்கினதில்ல. என்னையவா கேக்கற, புள்ள?” என்றார். துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த இரண்டு வாரமும் அவர் வரவில்லை. வாசலைத் திறக்க ஆளில்லாமல் ஏழு மணி வரை வண்டிகள் சாலையில் நின்றன. சந்தை முழுவதும் அந்தப் பெண்ணையே குறை கூறியது.

அவர் நம்மிடம் வந்து கேட்டது ஒரே கேள்வி. “காசு வாங்காதவங்களக் கேள்வி கேக்கக் கூடாதுங்களா, சாமி?” நாம் பொறுமையைப் பற்றி நான்கு சொல் சொல்லி அனுப்பிவைத்தோம். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. கேள்வி நியாயமானது, நாம் அளித்தது பதிலே அன்று.

உபகாரத்துக்குக் கணக்குக் கேட்பது நம் பண்பாட்டில் மரியாதைக் குறைவு. கணக்கைப் பார்த்தால் பிணக்கு வரும் என்பது பழமொழி. சம்பளக்காரரைக் கேட்பதில் இந்தச் சங்கடம் இல்லை. அவர் பெறும் சம்பளத்திலேயே கேட்கப்படுவதற்கான கூலியும் அடங்கியிருக்கிறது. இலவசமாக உழைப்பவருக்கு நாம் தரக்கூடியது நன்றி ஒன்றே. கேள்வி கேட்டால் அந்த ஒன்றையும் பறித்துக்கொண்டதுபோல் ஆகிறது. மூத்தவரின் மனம் புண்பட்டது நடிப்பன்று, உண்மையான புண். அதை அறியாமல் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அறமாகாது.

ஆயினும் அவருடைய பேச்சில் இரண்டு பொருள்கள் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கின்றன. அவருடைய உழைப்பு அவருடையது. அதை அவர் கொடையாகத் தந்தார், எந்தக் கணக்கும் அதற்கு இல்லை. மரத்தடி நிழல் அவருடையதன்று. அது அங்கே வரும் அனைவருக்கும் பொது. தம் உழைப்பைக் கொடுத்தவர், அதனாலேயே பிறருடைய நிழலையும் கொடுக்கும் உரிமை தமக்கு வந்துவிட்டதாக எண்ணிக்கொண்டார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான். மூத்தவர் அந்தப் பழமொழிக்கு உரிய மனிதர் அல்லர் என்பதே இதில் உள்ள துயரம். கள்வனுக்கு நேரும் சோதனை வேறு. தன்னலமற்றவனுக்கு நேரும் சோதனை இது.

புனித தாமஸ் அக்வினாஸ் இதை மிக நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார். பொதுவானதைப் பங்கிடும்போது, பொருளுக்கேற்ற தகுதியைப் பாராமல் ஆளைப் பார்த்துக் கொடுப்பது பங்கீட்டு நீதிக்கு எதிரான பாவம் என்பது அவர் முடிவு. கல்வி உள்ளவருக்கு ஆசிரியப் பதவி கொடுத்தால் தகுதியைப் பார்த்ததாகும். இன்னார் பேதுரு, இன்னார் மார்ட்டின் என்பதற்காகக் கொடுத்தால் ஆளைப் பார்த்ததாகும். குருமடத்தில் இதைப் படித்தபோது அரசர்களையும் ஆயர்களையும் பற்றிய பாடம் என்றே நினைத்தோம். நிழலுக்குத் தகுதி வாடும் பொருள். மைத்துனர் என்பது தகுதியன்று என்று அதைச் சந்தை மைதானத்துக்குக் கொண்டுவந்து பொருத்திப் பார்க்க நமக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. கொடுப்பவர் ஊதியம் பெறுகிறாரா இல்லையா என்ற கேள்வியை அக்வினாஸ் அங்கே எழுப்பவே இல்லை. நீதிக்கு அது பொருட்டன்று.

எருசலேமில் தொடக்கத் திருச்சபையிலும் இப்படி ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அன்றாடப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசிய சீடர்கள் முறையிட்டனர். பங்கிட்டவர்கள் யார்? வலைகளையும் படகுகளையும் வீட்டையும் விட்டு வந்தவர்கள். எல்லாவற்றையும் துறந்த எங்களையா கேட்கிறீர்கள் என்று சொல்ல மண்ணுலகில் எவருக்காவது உரிமை இருந்திருந்தால் அது அவர்களுக்குத்தான். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. சபையைக் கூட்டினார்கள், எழுவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த எழுவரின் பெயர்களை வாசகர்கள் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட தரப்பினரின் கையிலேயே பங்கீட்டை ஒப்படைத்துவிட்டார்கள் என்று இதிலிருந்து விவிலிய அறிஞர் பலர் உய்த்துணர்கின்றனர். திருத்தொண்டர் என்னும் பணி முறையீட்டிலிருந்து பிறந்தது என்பதை நம் மறையுரைகளில் நாம் ஏனோ சொல்வதில்லை.

புனித பவுலின் நடத்தை இன்னும் வியப்பானது. கொரிந்தியரிடம் அவர் ஊதியம் பெறவில்லை. கூடாரம் செய்து பிழைத்தார். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டார். எருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கை திரட்டியபோதோ, தீத்துவோடு, சபைகளே தேர்ந்தெடுத்த ஒரு சகோதரரையும் உடன் அனுப்பினார். இவ்வளவு பெரிய தொகையைக் கையாள்வதில் எவரும் தம்மைக் குறை கூற இடம் இருக்கக்கூடாது என்பதை அவர் வெளிப்படையாகவே எழுதினார். ஆண்டவரின் முன்னிலையில் மட்டுமின்றி மனிதர் முன்னிலையிலும் நேர்மையாக இருக்க வேண்டும் என்பது அவர் கவலை. கூலி வாங்காதவர் தாமே சாட்சிகளைத் தேடிக்கொண்டார். கேள்வி வருவதற்கு முன்பே பதிலை அனுப்பிவைத்தார்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கூலியில்லாத பதவியில் யார் அமர முடியும்? சந்தைக் குழுவின் எழுவரும் கிணறும் மோட்டாரும் ஆள்வசதியும் உள்ளவர்கள். வாரத்தில் ஒரு காலைப் பொழுதைத் தானம் செய்ய அவர்களால் முடியும். கீரை விற்பவரால் முடியாது. அந்தக் காலைப் பொழுதுதான் அவருடைய வாரச் சம்பாத்தியம். பண்டைய ஏதென்ஸ் நகரில் பெரிக்ளீஸ் நீதிமன்ற நடுவர்களுக்கு நாட்கூலி ஏற்படுத்தினார். ஏழைகளும் வேலையை விட்டுவிட்டு நியாயம் சொல்ல வர முடிய அது உதவியது. ஊதியமின்மை தூய்மையின் அடையாளம் என்று நாம் புகழும்போது, அது வசதியுள்ளவர்களுக்கு மட்டும் திறந்த வாசல் என்பதை மறந்துவிடுகிறோம். தொண்டு என்ற பெயரிலேயே ஒரு சிறு ஆட்சி அமைந்துவிடுகிறது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டுகளும் நம் மண்ணில் உண்டு. விருதுநகர் வணிகர்கள் தங்கள் விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்கி, 1889ஆம் ஆண்டில் சத்திரிய வித்யாசாலையை நிறுவினர். வீடுதோறும் பிடியரிசி திரட்டியும் அந்தப் பள்ளியைக் காத்தனர். காமராசர் படித்தது அங்கேதான். கல்லாவிலிருந்து காசு தந்தவனுக்கும் பானையிலிருந்து பிடியரிசி எடுத்துவைத்த பெண்ணுக்கும் இது எங்கள் பணம் என்ற உணர்வு இருந்திருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். அந்த உணர்வு உள்ள இடத்தில் கேள்வி அவமதிப்பாகத் தோன்றாது.

இவ்வளவும் சந்தையைப் பற்றி எழுதிவிட்டோம். எழுதும்போதே நம் பங்கு அலுவலகத்தின் மேசை கண்முன் நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் இளைஞர் ஒருவர் திருவிழாக் கணக்கைக் கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். குடும்பத்தையே விட்டு வந்தவர்களிடம் கணக்கா கேட்கிறீர்கள் என்று நாம் சொன்னோம். குரலைக்கூட உயர்த்தவில்லை, வருத்தத்தோடு சொன்னோம், அதனால் அது இன்னும் கூர்மையாக இறங்கியது. கணக்கில் பிழை ஏதும் இல்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது. இறைமக்கள் தரும் காணிக்கைகளுக்கு அவர்களிடமே கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டத்தை நாம் அறியாமலில்லை. அந்த இளைஞர் அதற்குப் பின் அன்பியக் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். சந்தை மைதானத்தில் மூத்தவர் சொன்ன சொல்லும் நம் மேசையில் நாம் சொன்ன சொல்லும் ஒன்றே. அந்தப் பெண்ணுக்கு நாம் பொறுமையை உபதேசித்ததன் காரணமும் இதுவாக இருக்கலாம்.

மறுவாரம் அந்தப் பெண்ணோடு சந்தைக்குப் போனோம். குழுவினரிடம் நாம் கேட்டது இரண்டு. வாடும் பொருளுக்கு நிழல், அதற்குள் யாருக்கு எந்த இடம் என்பதற்குச் சீட்டு. அடுத்து, குழுவில் வெயிலில் அமர்பவர் ஒருவர். முதலாவதை உடனே ஒப்புக்கொண்டனர். இரண்டாவதற்கு, அவருக்குக் காலையில் நேரம் ஏது என்று கேட்டனர். கூட்டத்தை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண்ணே சொன்னார். யாரும் பதில் சொல்லவில்லை; மறுக்கவும் இல்லை. இப்போது கூட்டம் மாலையில் நடப்பதாகக் கேள்வி.

மூன்றாம் வாரம் மூத்தவர் மீண்டும் வந்தார். சீட்டை அவர் தொடுவதில்லை, வேறொருவர் குலுக்குகிறார். அவர் நான்கு மணிக்கு வந்து வாசலைத் திறந்து, முன்போலவே கூட்டிப் பெருக்கிவிட்டு, விற்பனை தொடங்குவதற்குள் போய்விடுகிறார். சந்தையில் யாரும் அவருக்கு நன்றி சொல்லி நாம் கேட்டதில்லை. அவர் வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்று நினைத்து மாதம் ஒன்றாகிறது. அந்த இளைஞர் வீடும் அதே வழியில்தான் இருக்கிறது.